சமைக்க வந்த விருந்தாளிகள்



சென்ற மாதம் நம் பத்திரிகைக்கு வந்த கடிதங்களில் ஒன்று நம் கம்மாபுரத்துக்காரர் எழுதியது. சென்னையில் கணினி வேலை அவருக்கு. அலுவலகத்தார் அவரை ஒரு பெரிய ஓட்டலில் நடந்த நன்கொடை விருந்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். மும்பையிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்த பெயர்பெற்ற செஃப்கள் ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்தார்களாம். தட்டு ஒன்றுக்கு இத்தனை ஆயிரம் என்று டிக்கெட். வசூலான பணம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனதாம். “சாப்பாட்டில் குறையில்லை, காரியமும் நல்ல காரியம். பீங்கானுக்குப் பேர் வாங்கிய நம்ம பக்கத்தில் தட்டுக்குப் பஞ்சமில்லை. அதில் வைத்துச் சாப்பிட இப்படி ஒரு விருந்து நடத்த நம்ம பத்திரிகை முன்வரக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறார். (விருத்தாசலத்துச் சூளைகளிலிருந்து வருவது பெரும்பாலும் அகல் விளக்கும் பொம்மையும் மின்கம்பத்துப் பீங்கானும்தான் என்பது சென்னைக்குப் போனதும் அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.)

அவருக்கு ஒரு அஞ்சலட்டையில் பதில் போட்டிருக்கலாம். தைப்பூசம் நெருங்குகிற நேரத்தில் கேட்டுவிட்டார். எல்லோருக்குமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. வெளியூரிலிருந்து வந்து, சாலையோரத்தில் அடுப்பு மூட்டி, முன்பின் பார்க்காதவர்களுக்குச் சமைத்துப் போடுவது நமக்குப் பக்கத்து வீட்டுச் சங்கதி. விருத்தாசலத்தில் கடலூர் ரயிலில் ஏறினால், நெய்வேலியைத் தாண்டியதும் வடலூர்.

பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போடும் வடலூர் தருமச்சாலையை, வள்ளலார் என்று நாம் சொல்லும் இராமலிங்க அடிகளார் தொடங்கியது 1867 மே 23-ஆம் நாள். அங்கே பார்வதிபுரத்து மக்கள் அவருக்கு ஏறத்தாழ 80 காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். முந்தின ஆண்டுதான் சென்னை மாகாணத்தின் பல பகுதிகளைப் பஞ்சம் வாட்டியிருந்தது. அன்று மூட்டிய அடுப்பு 21 அடி நீளம். அகலமும் ஆழமும் இரண்டரை இரண்டரை அடி. அண்டாக்களை வரிசையாக ஏற்றலாம். 150 ஆண்டுகளைத் தாண்டியும் அந்த நெருப்பு அணையவில்லை. சூளை வேலை பார்க்கிறவர்களுக்கு இதன் பாடு தெரியும். ஏற்றிய சூளையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க முடியாது. சூளைக்காவது இரண்டு மூன்று நாளில் விடுதலை உண்டு. இந்த அடுப்புக்கு அது கிடையாது. அடிகளார் மூட்டினார் என்று சொல்கிறோம், சரிதான். அதற்குப் பிறகு விறகு தள்ளியவர்கள், சாம்பல் அள்ளியவர்கள், புகையில் கண் சிவந்தவர்கள் என்று ஐந்தாறு தலைமுறை ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஊரும் பேரும் சொல்லாமல் நாலு நாள் தங்கி வேலை செய்துவிட்டுப் போனவர்கள்.

அடிகளார் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கத்தைப் படித்தவர்கள் கவனித்திருக்கலாம். பசியைப் பற்றி அவர் ஒரு வைத்தியர் நோயை விவரிப்பதுபோல எழுதுகிறார். கண், காது, நாக்கு, கைகால் என்று உடம்பில் ஒவ்வொன்றும் எப்படித் தளர்கிறது, உள்ளே அறிவு எப்படி மங்குகிறது, சோறு இறங்கியதும் ஒவ்வொன்றும் எப்படித் திரும்புகிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பசித்து வந்தவரின் தேசம், சமயம், சாதி, நடத்தை இவற்றையெல்லாம் விசாரிக்க வேண்டாம் என்பதும் அதில் உண்டு. நடத்தை என்பதையும் அவர் சேர்த்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சாதி பார்க்காமல் சோறு போடுகிறவர்கள்கூட, “குடிகாரனுக்கெல்லாம் எதுக்குப் போடணும்” என்று கேட்பதுண்டு. தருமச்சாலைப் பந்தியில் அந்தக் கேள்வி இல்லை. உட்கார்ந்தால் சாப்பாடு.

வடலூரில் அடிகளார் நிறுவிய ஞான சபையில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது 1872 ஜனவரி 25, தைப்பூச நாளில். அன்றிலிருந்து பூசம் என்றால் நம் மாவட்டமே வடலூரை நோக்கி நகரும். வருகிறவர்களில் ஒரு கூட்டம் தரிசனத்துக்கு வரும், இன்னொரு கூட்டம் சமைக்கவே வரும். சேலம் பக்கத்திலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் அடிகளார் வழி நடக்கும் சன்மார்க்க சங்கத்தார் லாரியில் அரிசி, காய்கறி, அண்டா, கரண்டி சகிதம் இரண்டு மூன்று நாள் முன்பே வந்து இறங்கிவிடுவார்கள். சுற்று வட்டாரத்துக்காரர்கள் டிராக்டரில் பூசணிக்காயும் விறகும் கொண்டு வருவார்கள். நம் பக்கம் விறகென்றால் முந்திரிக் கட்டையும் சவுக்கும்தானே.

அந்த ராத்திரிகளில் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். பெண்கள் சாக்கு விரித்து வட்டமாக உட்கார்ந்து அரிவாள்மணையில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருப்பார்கள். ஒருவருக்கொருவர் ஊர் தெரியாது. ஆனால் பேச்சு நிற்காது. நாலு ஆட்கள் சேர்ந்து கொதிக்கிற அண்டாவைக் கம்பு கொடுத்துத் தூக்கி, கஞ்சியை வடித்து, சோற்றைப் புதுப் பாயில் கொட்டுவார்கள். ஆவி மேலே எழும்பும்போது பந்தல் பல்பு மங்கிப்போகும். சோற்றைக் கிளறி ஆற்றுகிற ஆளுக்கு மார்கழிப் பனி விலகாத அந்த நேரத்திலும் முதுகில் வேர்வை வழியும். கரண்டி பிடிக்கிறவர்களில் கல்யாணச் சமையல் மாஸ்டர்கள் பலர். தை பிறந்தால் முகூர்த்தம் வரிசை கட்டும். ஒரு நாள் போனால் ஒரு கல்யாணக் கூலி போச்சு. ஆனாலும் பூசத்துக்கு மட்டும் எந்தக் கல்யாணத்தையும் ஒப்புக்கொள்ளாத மாஸ்டர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நேரெதிரான சமையலறை ஒன்றும் இதே தை மாதத்தில் தெற்கே நடக்கிறது. மதுரை மாவட்டம் திருமங்கலம் பக்கத்தில் வடக்கம்பட்டி. தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினாலும் கண்ணில் படும் முனியாண்டி விலாஸ் ஓட்டல்களுக்குத் தாய்வீடு அதுதான். அந்த ஊரைச் சேர்ந்த சுப்பா நாயுடு 1937-ல் காரைக்குடியில் முதல் கடையைத் தொடங்கினார். கைகொடுத்தது ஊர்த் தெய்வம் முனியாண்டி என்று நம்பி அந்தப் பெயரையே வைத்தார். அவரைப் பார்த்து உறவினர்களும் ஊர்க்காரர்களும் ஆளுக்கு ஒரு ஊரில் கடை போட்டார்கள். நாளின் முதல் விற்பனைப் பணத்தைச் சாமிக்கென்று தனியாக எடுத்து வைக்கும் வழக்கம் அந்தக் கடைகளில் உண்டு. ஆண்டு முழுக்கச் சேர்ந்த அந்தப் பணம் தை மாதத் திருவிழாவில் பிரியாணியாகிறது.

திருவிழாவுக்கு ஓட்டல்காரர்கள் கடையை அடைத்துவிட்டு, மாஸ்டர்களையும் பரிமாறுகிற ஆட்களையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்து சேருவார்கள். நேர்ந்துவிட்ட கிடாக்களும் சேவல்களும் ராத்திரியோடு ராத்திரியாக அண்டாவுக்குள் போகும். அரிசி மட்டும் ஆயிரம் கிலோவைத் தாண்டும். விடியற்காலையில் சாமிக்குப் படைத்த கையோடு பந்தி. டீ குடிக்கும் நேரத்தில் மட்டன் பிரியாணி! உள்ளூர்க்காரர், வழிப்போக்கர், பக்கத்து ஊர்க்காரர் யார் வந்தாலும் உண்டு; வீட்டுக்குத் தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்களுக்கும் உண்டு. தினமும் காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள், அந்த ஒரு காலையில் கல்லாப்பெட்டி இல்லாமல் பரிமாறுகிறார்கள். இதே வடக்கம்பட்டியில் மாசி மாதத்தில் இன்னொரு பிரிவினர் நடத்தும் திருவிழாவிலும் பிரியாணிதான்.

வடலூர்க்காரருக்கு வடக்கம்பட்டி அண்டா ஒத்துக்கொள்ளாது. உயிர்க்கொலை கூடாது என்பதுதான் அடிகளார் வழிக்கு அஸ்திவாரம். வடக்கம்பட்டிக்காரரைக் கேட்டால், முனியாண்டிக்குச் சாம்பார் சாதமா என்று சிரிப்பார். இரண்டு பேரையும் ஒரே பக்கத்தில் எழுதுவதற்கு எனக்கே கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொழில் தெரிந்தவர் வெளியிலிருந்து வந்து தன் கைவேலையையே காணிக்கையாகக் கொடுப்பதில் இரண்டு ஊரும் ஒன்று. அங்கே சமைக்கிறவர் பேர் அட்டையில் அச்சடிப்பதில்லை என்பதிலும் ஒன்று.

சென்னை ஓட்டலில் பசித்தவர் மேசையில் இல்லை. அவருக்குப் பணம் பின்னால் போய்ச் சேருகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குழந்தைகள் இல்லத்துக்கு வாடகையும் மின்கட்டணமும் இருக்கிறது, பாயில் கொட்டிய சோற்றால் அதைக் கட்ட முடியாது. நான் சொல்ல வருவது விருந்தாளியாக வரும் சமையல்காரரைப் பற்றி. தன் பேர் விளங்கச் சமைப்பது ஒரு வேலை. அடுத்தவர் அடுப்பில் அடுத்தவர் வாய்க்குச் சமைப்பது வேறு வேலை. முதல் வேலையில் தேர்ந்தவருக்கு இரண்டாவது வேலை தானாக வந்துவிடாது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஒன்றியத்து ஊர் ஒன்றில், பூசத்துக்கு நடந்து போகிறவர்களுக்காகப் போட்ட பந்தலில் இதை நேரில் பார்த்தேன். துபாய் ஓட்டலில் செஃப்பாக இருக்கும் அந்த ஊர்ப் பையன் விடுமுறையில் வந்திருந்தான். நல்ல கைக்காரன். “இந்த வருஷம் சாம்பார் சாதம் நான் போடுறேன்” என்று முன்வந்தான். போனில் கணக்கு வைத்திருந்தான்: பத்துப் பேருக்கு இன்னின்ன அளவு, ஆயிரம் பேருக்கு அதை நூறால் பெருக்கினால் போதும். ஊர்ப் பெரிய மாஸ்டருக்கு எழுபது வயதிருக்கும். தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

“தம்பி, நூறால பெருக்குனா நோட்டு ஒத்துக்கும், அண்டா ஒத்துக்காது.”

“ஏங்க பெரியப்பா?”

“சின்னச் சட்டில தண்ணி சுண்டும். இதுல எங்க சுண்டுது? நீ சொல்ற தண்ணிய ஊத்துனா கூழாயிரும். உப்பையும் புளியையும் பாதி போடு. கொதி வந்தப்பறம் நாக்குல வெச்சுப் பாத்துக்கலாம்.”

அவர் சொன்னதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. பாத்திரம் பெரிதாக ஆக, உள்ளே இருக்கும் தண்ணீருக்கு மேல்பரப்பு குறைவு, ஆவியாவது குறைகிறது. அதேபோல அண்டாவை இறக்கிய பிறகும் அதன் சூடு ஆறுவதற்கு நேரமாகும், அந்தச் சூட்டில் சோறு வெந்துகொண்டே இருக்கும். அதனால் அரிசி முழுக்க வேகும் முன்பே விறகை இழுத்துவிட வேண்டும். பையன் கேட்டரிங் படித்தவன், சொன்னதும் புரிந்துகொண்டான். போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, அன்று முழுக்கப் பெரியவர் பக்கத்தில் கரண்டியோடு நின்றான்.

பெரியவரும் சும்மா இருக்கவில்லை, அவனிடம் ஒன்றை வாங்கிக்கொண்டார். எங்கள் பந்தல்களில் காய் கழுவும் இடம் ஒரு மூலை, நறுக்கும் இடம் இன்னொரு மூலை, நடுவில் அடுப்பு. வாளியும் கூடையும் சுமந்து ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். வெந்த சோற்றுக்குப் பக்கத்திலேயே மண் போகாத கிழங்கு மூட்டை கிடக்கும். பையன் அரைமணி நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றி வைத்தான். கழுவுவது, நறுக்குவது, வேகவைப்பது, பரிமாறுவது எல்லாம் ஒரே திசையில். பச்சைப் பொருள் வெந்த பொருளைக் கடக்கக் கூடாது. காலையில் ஒரே மூச்சில் ஆக்கி மாலை வரை மூடி வைப்பதற்குப் பதிலாக, மூன்று ஈடாக ஆக்கச் சொன்னான். அந்த ஆண்டு சாயங்காலம் வந்தவர்களும் சுடச்சுடச் சாப்பிட்டார்கள். இப்போது அந்தப் பந்தலில் வருஷா வருஷம் அப்படித்தான்.

அந்தப் பையனைப் போல ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொண்ட பெரிய செஃப்பும் உண்டு. ஹோசே ஆந்த்ரேஸ் என்ற பெயரைப் பேரிடர்ச் செய்திகளில் படித்திருப்பீர்கள். ஸ்பெயினில் பிறந்து அமெரிக்காவில் பெரிய உணவகங்கள் நடத்துகிறவர். 2010 ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் வந்தபோது சமைத்துப் போடப் போனார். முகாமில் கறுப்பு அவரை வேகவைத்துச் சோற்றோடு கொடுத்தார். அங்கிருந்த பெண்கள், நாங்கள் இப்படிச் சாப்பிட மாட்டோம் என்று சொல்லி, ஆந்த்ரேஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அந்த அவரையை மசித்து வடிகட்டிக் குழம்பாக்கிக் காட்டினார்களாம். உலகம் கொண்டாடிய செஃப், கூடாரத்துக்குள் மாணவராக நின்றார். அதே ஆண்டு அவர் தொடங்கிய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற அமைப்பு இன்று போர் நடக்கும் இடங்களிலும் சமைக்கிறது. போகிற ஊரின் சமையல்காரர்களையே முன்னால் நிறுத்தி, அந்த ஊர் மக்கள் சாப்பிடுவதைச் சமைப்பது அவர்கள் வழக்கம். பசித்தவனுக்கு என்ன ருசி என்று நம் ஆட்கள் சிலர் கேட்பார்கள். வீடிழந்து நிற்கிறவருக்கு மிச்சமிருக்கிற ஒரே வீடு நாக்கில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் நம் மாவட்டத்தின் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்த பிறகு வந்து இறங்கிய ரொட்டிப் பாக்கெட்டுகளையும், ஏதோ ஒரு ஊர்க்காரர்கள் மண் அடுப்பு மூட்டிப் போட்ட ரசம் சோற்றையும் சாப்பிட்டவர்களுக்கு வித்தியாசத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

இத்தாலிய செஃப் மாசிமோ பொத்தூராவின் கதையும் கடிதம் எழுதிய நம் நண்பருக்குப் பிடிக்கும். 2015-ல் மிலான் நகரில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பழைய நாடகக் கொட்டகை ஒன்றைச் சாப்பாட்டுக்கூடமாக்கி, உலகத்தின் பெரிய செஃப்களை அங்கே வரவழைத்தார். முன்கூட்டியே மெனு கிடையாது. கண்காட்சியில் விற்காமல் மீந்த காய்கறியும் காய்ந்த ரொட்டியும் அன்றன்று எது வருகிறதோ, அதில்தான் சமைக்க வேண்டும். சாப்பிட வந்தவர்கள் வீடற்றவர்கள். அவர்களைத் தட்டோடு வரிசையில் நிற்க வைக்கவில்லை. மேசையில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பந்தி என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் நம் பந்தல்கள் பலவற்றில் பந்தி போய்க் கையில் தட்டு வந்துவிட்டதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பூசத்தன்று வடலூர்ச் சாலைகளில் பந்தலுக்குப் பந்தல் நூறடிகூட இருப்பதில்லை. ஒரு பந்தலில் வாங்கிய வெண்பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த பந்தலில் புளியோதரைக்கு நீட்டுகிறோம். நாலாவது பந்தலில் “வாங்க, வாங்க, சாப்பிட்டுட்டுப் போங்க” என்று கையைப் பிடித்து இழுக்கிறார்கள். முகத்துக்காக வாங்கி, இரண்டு வாய் தின்று, பாக்குமட்டைத் தட்டோடு சாலையோரம் வைத்துவிட்டு நடக்கிறோம். ராத்திரியெல்லாம் கண்விழித்து ஆக்கிய சோறு அது. பசியை நோயாகப் பார்த்து எழுதியவரின் ஊரில், வருஷத்தில் ஒரு நாள் பசியே இல்லாதவர்களுக்கு நாம் போட்டி போட்டுக்கொண்டு சமைக்கிறோம். இது சரியில்லை. சமைக்க வருகிறவர்களின் பக்தியில் எனக்குச் சந்தேகமில்லை. தேர்ந்தெடுக்கும் தேதியில்தான் சந்தேகம்.

நியூயார்க்கில் நடந்தது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1981-ல் கேல் கிரீன் என்ற உணவு விமர்சகர் பத்திரிகையில் ஒரு செய்தி படிக்கிறார். வீட்டை விட்டு வெளியே வர முடியாத முதியவர்களுக்கு நகர நிர்வாகம் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறது. ஆனால் சனி, ஞாயிறு, பண்டிகை நாட்களில் வண்டி கிடையாது. உடனே ஜேம்ஸ் பியர்ட் என்ற புகழ்பெற்ற சமையல் ஆசிரியரோடு சேர்ந்து, தனக்குத் தெரிந்த ஓட்டல்காரர்களையெல்லாம் போனில் பிடித்துப் பணம் திரட்டினார். சிட்டிமீல்ஸ் என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. செஃப்கள் கூடிச் சமைக்கும் டிக்கெட் விருந்துகளை அது ஆண்டுதோறும் நடத்தி வருகிறது. ஆகவே டிக்கெட் விருந்தையே நான் வேண்டாமென்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த அம்மாள் முதலில் பார்த்தது எந்த நாளில் வண்டி வரவில்லை என்பதை. விருந்து அதற்குப் பிறகு வந்தது.

நம் பக்கத்தில் வண்டி வராத நாட்கள் எவை? ஐப்பசி, கார்த்திகை அடைமழையைச் சொல்வேன். விறகு நனைந்து கிடக்கும், கூலி வேலை நின்றுவிடும், வெளியூரிலிருந்து சமைக்க ஆள் வராது. சாப்பிட மட்டும் ஆள் வருவார்கள். ஆடி மாதத்தைச் சொல்வேன். நல்ல காரியம் இல்லாத மாதம் என்பதால் கல்யாணச் சாப்பாடு கிடையாது, கல்யாணத்தில் மீந்து இல்லங்களுக்குப் போகும் சாப்பாடும் கிடையாது. சமையல் மாஸ்டர்களுக்கும் அப்போது கை ஓய்வுதான். இடத்தைப் பொறுத்தும் இதே கணக்கு உண்டு. அரசு மருத்துவமனையில் படுத்திருக்கிற நோயாளிக்குச் சாப்பாடு வந்துவிடும். கூட வந்து தாழ்வாரத்தில் துண்டு விரித்துப் படுத்திருக்கிற அம்மாவுக்கோ அண்ணனுக்கோ வராது. டீயும் பன்னுமாக நாலு நாளை ஓட்டுகிறவர்களை அங்கே பார்க்கலாம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் சன்மார்க்க சங்கத்தார் மருத்துவமனை வாசலில் காலையில் கஞ்சி ஊற்றுவதன் நியாயம் அதுதான்.

ஆகவே கம்மாபுரத்து நண்பருக்கு என் பதில்: தட்டுக்கு இத்தனை ஆயிரம் என்று வாங்கும் விருந்தை நம் பத்திரிகை நடத்தப் போவதில்லை. அதை நடத்தத் தெரிந்தவர்கள் சென்னையில் நன்றாகவே நடத்துகிறார்கள். நம்மிடம் இருப்பது வேறு சரக்கு. நம் ஒன்றியத்துப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் பெங்களூரிலும் ஓட்டல் சமையலறைகளில் நிற்கிறார்கள். கல்யாணச் சமையல் தெரிந்த மாஸ்டர்கள் ஊருக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு நாளைக் கேட்கிறேன். பூசமாக இருக்க வேண்டாம். பொங்கலோ தீபாவளியோ கழிந்த மறுவாரம், ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை. ஊருக்கு வந்தால் பிள்ளைகளோடு இருக்கத்தான் நேரம் போதும் என்று சொல்வீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும்.

அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கம் இதற்கென்று ஒதுக்குகிறோம். தினசரி சோறு போடும் சங்கங்கள், இல்லங்கள், மடங்கள் எந்த நாளில் கை குறைகிறது என்று எழுதி அனுப்பினால் அதில் போடுகிறோம். சமைக்க வர விரும்புகிறவர்கள் தங்கள் தேதியையும், எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் எழுதலாம். பேர் போட வேண்டாமென்றால் போட மாட்டோம். போவதற்கு முன் அந்தச் சமையலறையில் என்ன இருக்கிறது, யார் சாப்பிடுகிறார்கள், அவர்களுக்கு எது செரிக்கும், எது ஆகாது என்று கேட்டுக்கொண்டு போங்கள். முதியோர் இருக்கும் இடத்தில் காரத்தைக் குறையுங்கள். வள்ளலார் பேரில் நடக்கும் இடங்களுக்கு முட்டைகூடக் கொண்டுபோகக் கூடாது என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

சமைக்கத் தெரியாதவர்கள் அரிசி வாங்கிக் கொடுக்கலாம். சாப்பாடென்றால் ஒரு கிலோவுக்கு ஏழெட்டுப் பேர். 25 கிலோ சிப்பம் ஒன்று இருந்தால் ஒரு வேளைக்கு இருநூறு பேர் வரை பார்க்கலாம். போன ஆண்டு பந்தல்களுக்கு அன்பாகக் கொண்டு வந்து இறக்கியவற்றில் பாதி பச்சரிசி. பொங்கல் வைத்தே தீர்க்க வேண்டியதாயிற்று. இந்த முறை புழுங்கலரிசியாகவே பார்த்து வாங்குங்கள்.